ஈட்டின் மேல் ஈடு

ஒரு வீட்டின் மீது ஒரே வேளையில் மூவர் உரிமை பாராட்டுதல் கூடும். உறுதியிலே பெயர் பொறிக்கப்பட்டவர் அதனைத் தமது ஆதனம் என்பார். கடன் கொடுத்த வங்கி அதனைத் தனது ஈடு என்னும். அங்கு அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாதந்தோறும் வாடகை செலுத்தி வருபவர் அதனை வீடு என்று மாத்திரம் சொல்வார். ஆதனம், ஈடு, வீடு என்னும் மூன்று சொற்களும் குறிப்பன ஒரே சுவர்களையும் ஒரே கூரையையுமே. காலம் செம்மையாக உள்ளவரை இம்மூன்றும் ஒன்றோடொன்று முரணாமல் நிற்கின்றன. காலம் திரும்பும்போதே இவற்றுள் எது முந்தியது என்னும் வினா எழுகின்றது.

ஒரு வீட்டை ஈடு வைத்து மற்றொரு வீட்டையும், அதனை ஈடு வைத்து இன்னொன்றையும் வாங்கி வாடகைக்கு விடும் முதலீட்டு முறையில் இவ்வினா மிகக் கூர்மை பெறுகின்றது. ஏற்கெனவே பல ஈட்டுக் கடன்களைச் சுமந்து நிற்கும் ஒருவர் மேலும் ஒரு வாடகை வீட்டுக்குக் கடன் பெறுவது எங்ஙனம் என்பது வங்கியாளர்க்கும் முதலீட்டாளர்க்கும் உரிய செய்முறை வினா. அவ்வாறு பெறுதல் தகுமா, தகுமெனின் எவ்வெல்லைவரை தகும் என்பது அறவியல் வினா. முன்னையதற்கு விடை கூறும் கைந்நூல்கள் பல. பின்னையது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. சட்டம் தடுக்கவில்லை, வங்கி உடன்படுகின்றது, ஆகவே செய்யலாம் என்பதே பொதுவான எண்ணமாக உள்ளது. இவ்வெண்ணம் போதுமானதா என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முறை பெருவழக்காகிய நாடுகளுள் பிரித்தானியா குறிப்பிடத்தக்கது. முதலாம் உலகப் போர்க்காலம் தொட்டு அங்கே தனியார் வாடகை வெவ்வேறு அளவிற் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 1988 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், 1989 சனவரி தொடக்கம் ஏற்படும் புதிய குடியிருப்பு உடன்படிக்கைகளுக்குச் சந்தை வாடகையை அனுமதித்தது. குறித்த தவணை முடிந்தபின் காரணம் எதுவும் காட்டாமலே, இரண்டு மாத அறிவித்தலுடன், வீட்டை மீளப் பெறவும் அது வழிசெய்தது. வேண்டியபோது வீட்டை வெறுமையாக்கி விற்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்ததும் கடன் கொடுப்போர் துணிவு பெற்றனர். 1996 இல் வீட்டு வாடகை முகவர் சங்கமும் கடன் வழங்கும் நிறுவனங்கள் சிலவும் இணைந்து, ‘வாடகைக்கு விட வாங்குதல்’ என்னும் பெயரிலே தனியான கடன் திட்டமொன்றைத் தொடக்கின. இவ்வரலாற்றிலே நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. குடியிருப்போரை எளிதில் வெளியேற்றலாம் என்பதே கடன் கொடுப்போரின் துணிவுக்கு ஒரு காரணமாயிற்று. ஒரு சாராரின் பாதுகாப்பு மற்றொரு சாராரின் பாதுகாப்பின்மை மீது கட்டப்பட்டது என்பது இதன் பொருள்.

இம்முறையின் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 200,000 பவுண் விலையுள்ள வீடொன்றை வாங்கும் ஒருவர், தமது சேமிப்பிலிருந்து 50,000 பவுணை இட்டு, எஞ்சிய 150,000 பவுணைக் கடனாகப் பெறுகின்றார் எனக் கொள்வோம். இத்தகைய கடன்களிற் பெரும்பாலானவற்றில் மாதந்தோறும் வட்டி மாத்திரமே செலுத்தப்படும். கடன்பட்ட தொகை முழுவதும் கடன்காலத்தின் இறுதியில் ஒருசேரத் திருப்பப்படும். எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதை வங்கி தீர்மானிக்கும்போது, அவ்வீடு தரக்கூடிய வாடகையையே முதன்மையாக நோக்குகின்றது. ஆண்டு வட்டி 5.5 வீதமாயின் மாத வட்டி 687.50 பவுண். வாடகை வட்டியின் 125 வீதமாதல் வேண்டும் என வங்கி விதிப்பின், மாத வாடகை ஏறத்தாழ 860 பவுணாதல் வேண்டும். 145 வீதமென விதிப்பின் ஏறத்தாழ 997 பவுணாதல் வேண்டும். ஆகவே இக்கடனை அளக்கும் கோல், கடன்படுபவரின் கையில் இல்லை. இன்னும் அவ்வீட்டுக்குக் குடிவராத ஒருவரின் வருமானத்திலே உள்ளது.

சில ஆண்டுகளில் வீட்டின் விலை 240,000 பவுணாக உயர்கின்றது என்க. அதன் 75 வீதம் 180,000 பவுண். பழைய கடனைப் புதுப்பித்து அவ்வளவுக்கு உயர்த்தினால் 30,000 பவுண் கைக்கு வருகின்றது. அதனுடன் புதிய சேமிப்பாக 20,000 பவுணைச் சேர்த்தால், 200,000 பவுண் பெறுமதியான இரண்டாவது வீட்டுக்கு வேண்டிய முற்பணம் ஆயத்தமாகின்றது. எஞ்சிய 150,000 பவுண் மீண்டும் கடன். இப்பொழுது இரு வீடுகளின் பெறுமதி 440,000 பவுண்; மொத்தக் கடன் 330,000 பவுண்; உடைமையாளரின் சொந்தப் பங்கு 110,000 பவுண். இப்பங்கில் 70,000 பவுண் அவர் சேமித்தது. எஞ்சிய 40,000 பவுண் விலையேற்றம் தந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வீடுகளுக்கும் இதே வழி. ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக்குப் படியாகின்றது.

ஏறுவதற்கு உதவும் அதே கணக்கு இறங்குவதற்கும் உதவும். இரு வீடுகளின் விலையும் 25 வீதம் வீழ்ச்சியடையுமாயின், 110,000 பவுண் குறைந்து, சொந்தப் பங்கு முழுவதும் மறைந்துவிடும். வட்டி 3 வீதமாக இருந்தபோது ஆண்டுக்கு 9,900 பவுண் செலுத்தியவர், அது 6 வீதமானதும் 19,800 பவுண் செலுத்துதல் வேண்டும். வீடுகளோ அவையே, அவற்றிற் குடியிருப்போரும் அவர்களே, அவர்களின் சம்பளமும் இருமடங்காகிவிடவில்லை.

இம்முறையைக் கண்டிப்பதற்கு முன் அதன் சார்பாகக் கூறப்படுவனவற்றை நேர்மையாக எடைபோடுதல் வேண்டும். வாடகை வீடு என்பது சமுதாயத்துக்கு வேண்டிய ஒன்றே. கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் ஓரூரிற் சில காலம் தங்குவோரும், வீடு வாங்குவதற்கு வேண்டிய முற்பணம் இல்லாதோரும் யாரேனும் ஒருவரின் வீட்டிலே குடியிருத்தல் தவிர்க்கவியலாதது. அவ்வீட்டைப் பேணுபவர் ஒரு சேவையையே ஆற்றுகின்றார். மேலும், இவ்வகை உடைமையாளர் யாவரும் பெருஞ்செல்வர் அல்லர். ஓய்வூதியம் போதாது என அஞ்சிய ஆசிரியர், சிறு வணிகர், தாதியர் போன்றோரும் அவருள் அடங்குவர். கடன்படுதல் தன்னளவில் இழுக்கன்று. விதைநெல்லைக் கடன் வாங்கி விதைத்த உழவனை எவரும் பழித்ததில்லை. இறுதியாக, வாடகைக்காரர் விரும்பியே உடன்படிக்கையில் ஒப்பமிடுகின்றார். எவரும் அவரை வலிந்து குடியேற்றவில்லை. இக்கூற்றுகள் யாவும் வலிமையுடையன. இவற்றைப் புறக்கணித்து, வாடகை வாங்குவோர் யாவரும் கொடியர் எனக் கூறுதல் ஆராய்ச்சியாகாது.

வாடகைக்கும் வட்டிக்கும் எதிராக மெய்யியலாளர் கூறிய பழைய கண்டனங்களும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. பணம் பணத்தை ஈனுதல் இயற்கைக்கு முரணானது என்பது அரிஸ்ரோட்டிலின் கருத்து. கிரேக்க மொழியில் வட்டியைக் குறிக்கும் சொல்லே மகவையும் குறித்ததை அவர் சுட்டிக் காட்டினார். ஜோன் ஸ்ருவாட் மில், உடைமையாளரின் முயற்சி யாதுமின்றிச் சமுதாய வளர்ச்சியால் உயரும் நிலப் பெறுமதியில் சமுதாயத்துக்குப் பங்குண்டு என வாதித்தார். 1879 இல் வெளிவந்த தமது நூலில் அமெரிக்கரான ஹென்றி ஜோர்ஜ் அவ்வாதத்தை மேலும் கொண்டு சென்று, நிலத்தின் பெறுமதி மீது மாத்திரமே வரி விதித்தல் வேண்டும் என்றார். மேற்காட்டிய எடுத்துக்காட்டில் விலையேற்றம் தந்த 40,000 பவுண் இவர்களின் கண்டனத்துக்கு இலக்காகும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இக்கண்டனங்கள் யாவும் இலாபத்தைப் பற்றியனவே. உழையாமற் பெற்றது யாருக்கு உரியது என்பதே அவற்றின் வினா. பல ஈடுகளைச் சுமந்தவரின் நிலையில் அதனினும் நெருக்கமான வினா ஒன்றுண்டு. நட்டம் வரும்போது அது முதலில் யாரைத் தாக்குகின்றது என்பதே அது.

இலாபம் உடைமையாளருக்கு உரியதாயின் இடரும் அவருக்கே உரியது என்பது வாணிக நீதி. முதலீட்டாளர் தம்மை நியாயப்படுத்தக் கூறும் முதற் காரணமும் இதுவே. அண்மைக்கால அனுபவம் இக்கூற்றைச் சோதித்துப் பார்த்தது. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி வீதம் 2020 மார்ச்சில் 0.1 ஆகக் குறைக்கப்பட்டது. 2021 டிசெம்பர் தொடக்கம் தொடர்ச்சியாகப் பதினான்கு தடவை உயர்த்தப்பட்டு, 2023 ஓகஸ்டில் 5.25 ஆயிற்று. இதற்கு முன்னரே, தனியாட்கள் தமது வாடகை வருமானத்திலிருந்து ஈட்டு வட்டியை முழுமையாகக் கழித்து வரி கணிக்கும் வசதி 2017 தொடக்கம் 2020 வரை படிப்படியாக நீக்கப்பட்டு, 20 வீத வரிச் சலுகையாகச் சுருக்கப்பட்டிருந்தது. மலிவான வட்டியை நம்பி எல்லைவரை கடன்பட்டோருக்கு இவ்விரண்டும் ஒருசேர வந்து வாய்த்தன.

இத்தகைய வேளையில் உடைமையாளர் முன்னே சில வழிகளே உள்ளன. வாடகையை உயர்த்தலாம். ஒழுகும் கூரையையும் பழுதான வெந்நீர்க் கொதிகலனையும் திருத்துவதைப் பிற்போடலாம். வீட்டை விற்கலாம், வெறுமையான வீடே நல்ல விலைக்குப் போகும் எனக் கருதிக் குடியிருப்போரை வெளியேற்றலாம். எதுவும் செய்யாது தவணை தவறினால், வங்கி வீட்டைக் கைப்பற்றும். இவற்றுள் எவ்வழியை அவர் தேர்ந்தாலும், அவரது பங்கு கரைவதற்கு முன்னரோ அதனுடன் கூடவோ, குடியிருப்போரின் வாழ்வு குலைகின்றது. உடைமையாளர் இழப்பது முதலீடு. குடியிருப்போர் இழப்பது பிள்ளையின் பள்ளிக்கூடம், தொழிலிடத்துக்கு நடந்து செல்லும் வழி, அவசரத்துக்கு உதவும் அயலவர். தவணை தவறாது வாடகை கட்டியவருக்கும் இக்கதியே. அவர் கட்டிய பணம் வங்கியைச் சென்று சேர்ந்ததா என்பதை அறிய அவருக்கு வழியில்லை.

இது வெறுங் கற்பனையன்று. இவ்வகைக் கடன்களில் முன்னணியில் நின்ற பிராட்போட் அன்ட் பிங்லி என்னும் வங்கி 2008 செப்டெம்பரில் நிலைகுலைந்து அரசுடைமையாக்கப்பட்டது. அந்நெருக்கடிக் காலத்தை அடுத்து, 2010 இல், இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வங்கியின் சம்மதமின்றி வாடகைக்கு விடப்பட்ட வீட்டிலே அறியாமற் குடியிருந்தவர், வங்கி அவ்வீட்டைக் கைப்பற்ற வரும்போது இரண்டு மாதம்வரை அவகாசம் வேண்டி நீதிமன்றத்தை நாட அச்சட்டம் இடமளித்தது. நன்மைதான். ஆயின் அதற்கு முன் அவருக்கு அத்தனை அவகாசந்தானும் உறுதியாக இருக்கவில்லை என்பதையும் அச்சட்டம் உணர்த்துகின்றது.

இவ்விடத்தில், யாழ்ப்பாணத்துத் தேசவழமை அறிந்த ஒற்றி முறையை இதனுடன் ஒப்பிடுதல் பயன் தரும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் தொகுக்கப்பட்ட அவ்வழமையின்படி, காணியை ஒற்றிக்கு வைத்தவர் பணம் பெறுகின்றார். பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிக்கின்றார். பணம் திரும்பும்போது காணியும் திரும்புகின்றது. ஒற்றியால் மீளமுடியாது காணியை இழந்த குடும்பங்கள் உண்டு. ஆகவே அதனைப் பொற்கால வழக்கெனப் புகழ்வதற்கில்லை. ஆயினும் அதன் அமைப்பில் ஓர் அறக்கூறு உண்டு. கடனின் துன்பம் கடன்பட்டவரிடமே தங்கியது. தம் காணியிலே தேங்காய் பறிப்பவர் மற்றொருவர் என்பதை வேலிக்கு அப்பால் நின்று நாள்தோறும் காண்பவர் அவரே. எவ்வளவு கடன்பட்டோம் என்பதை அக்காட்சி அவருக்கு மறக்கவிடாது. புதிய முறையில் கடன்பட்டவர் ஓரூரில் இருக்கின்றார். கடனின் பாரம் வேறோர் ஊரில், வேறொருவரின் சமையலறைக்கு மேலே தொங்குகின்றது. ஒற்றி இருவர்க்கிடையே ஏற்பட்ட உடன்பாடு. இதுவோ, இருவர் உடன்பட மூன்றாமவர் இடரேற்கும் ஏற்பாடு.

வாடகையும் ஈட்டுக் கடனும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதைச் சட்டம் முன்பே ஒருமுறை உணர்ந்திருந்தது. 1915 இல், போர்த்தொழில்களின் பொருட்டுத் தொழிலாளர் திரண்டு வந்த கிளாஸ்கோ நகரில் வீட்டுத் தட்டுப்பாடு நேர்ந்தது, வாடகைகள் உயர்த்தப்பட்டன. மேரி பார்பர் முதலிய பெண்கள் முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டம் அரசாங்கத்தை அசைத்தது. அவ்வாண்டின் இறுதியில் நிறைவேறிய சட்டம், சிறு வீடுகளின் வாடகையைப் போர் தொடங்குவதற்கு முன்னிருந்த அளவில் நிறுத்தியது. அத்துடன் அமையாது, அவ்வீடுகளின் மீதிருந்த ஈட்டுக் கடன்களின் வட்டி உயர்வையும் தடுத்தது. வட்டி ஒழுங்காகச் செலுத்தப்படும்வரை கடனைத் திருப்பிக் கேட்பதையும் கட்டுப்படுத்தியது. சட்டத்தின் பெயரிலேயே வாடகையும் ஈட்டு வட்டியும் அருகருகே நின்றன. உடைமையாளரின் கழுத்தை வங்கி நெரிக்க விட்டுவிட்டு, குடியிருப்போரின் கழுத்தை அவர் நெரிக்கலாகாது என விதிப்பதிற் பயனில்லை என்பதை அச்சட்டத்தை ஆக்கியோர் கண்டிருந்தனர். சங்கிலியின் ஒரு முனையில் நிகழ்வது மறுமுனையை இழுக்கும் என்னும் இவ்வுண்மை பிற்காலத்தில் மறக்கப்பட்டது.

பிற்காலச் சட்டங்களும் விதிகளும் வேறொரு வழியை நாடின. அவை எண்ணிக்கையைப் பற்றிக்கொண்டன. இலங்கையின் 1973 ஆம் ஆண்டு வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், கணவன், மனைவி, அவர்களில் தங்கியிருக்கும் பிள்ளைகள் அடங்கிய குடும்பத்துக்குப் பிள்ளைகளின் தொகையுடன் இரண்டைக் கூட்டிய அளவு வீடுகளும், தனியாளுக்கு இரண்டு வீடுகளும் என வரம்பிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வங்கிகளிடமிருந்து ஈட்டுக் கடன்களை விலைக்கு வாங்கும் பெனி மே நிறுவனம், முதலீட்டாளர் ஒருவர் கடனில் வைத்திருக்கத்தக்க வீடுகளின் எண்ணிக்கையை 2008 இல் நான்காகக் குறைத்து, 2009 இல் மீண்டும் பத்தாக உயர்த்தியது. பிரித்தானியாவில் 2017 செப்டெம்பர் இறுதி முதல், ஈட்டுக் கடனுள்ள நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகளை உடையவர் தனி வகுப்பினராகக் கொள்ளப்பட்டு, அவர்களின் கடன்கள் யாவற்றையும் ஒருசேர ஆராய்ந்தே புதிய கடன் வழங்குதல் வேண்டும் என விதிக்கப்பட்டது.

இம்மூன்று எண்ணிக்கைகளும் மூன்று வெவ்வேறு வினாக்களுக்கு விடைகள். ஒருவருக்கு எத்தனை வீடுகள் தேவை என்பது இலங்கைச் சட்டத்தின் வினா. ஒருவரை நம்பி எவ்வளவு இடரை ஏற்கலாம் என்பது அமெரிக்க நிறுவனத்தின் வினா. கடன் கொடுப்பவர் எவ்வளவு நுணுக்கமாக ஆராய்தல் வேண்டும் என்பது பிரித்தானிய விதியின் வினா. முதலாவது, செல்வப் பங்கீட்டைப் பற்றியது. மற்றை இரண்டும் வங்கிகளின் நலத்தைப் பற்றியன. உடைமையாளர் தடுமாறும்போது குடியிருப்போர் வீழாதிருக்க எவ்வளவு கடன் பொருந்தும் என்னும் நான்காவது வினா இவற்றுள் எதனாலும் நேராகக் கேட்கப்படவில்லை. இவ்வினாவை முன்வைத்து நோக்கின் எண்ணிக்கை முதன்மையிழக்கின்றது. கடனின்றிப் பத்து வீடுகளை உடையவரால் அவற்றிற் குடியிருப்போருக்கு நேரும் அச்சம் சிறிது. எல்லைவரை ஈடு வைத்த இரண்டு வீடுகளை உடையவரால் நேரும் அச்சம் பெரிது.

எனினும் அமெரிக்க விதியில் ஒரு கூறு கருதற்பாலது. கடனிலுள்ள வீடுகள் கூடக் கூட, கடன்படுபவர் கையில் வைத்திருக்கவேண்டிய சேமநிதியும் கூடுதல் வேண்டும் என்பது அது. தாம் வதியும் வீடு நீங்கலான ஏனைய ஈட்டுக் கடன்களின் மொத்த நிலுவையில், நான்கு வீடுகள் வரை 2 வீதமும், ஐந்தும் ஆறும் ஆயின் 4 வீதமும், ஏழு முதல் பத்து வரையாயின் 6 வீதமும் அவ்விதி கேட்டது. இது வங்கியின் பாதுகாப்பை நோக்கி எழுந்ததாயினும், ஏறும் உயரத்துக்கு ஏற்ப ஊன்றுகோலும் நீளுதல் வேண்டும் என்னும் சரியான உள்ளுணர்வைக் கொண்டுள்ளது.

இங்கு பொருளியலார் ஒரு தடை எழுப்புவர். வாடகையைத் தீர்மானிப்பது சந்தையே, உடைமையாளரின் கடன்சுமையன்று. ரிக்காடோ காலம் முதல் இக்கருத்து வேரூன்றியுள்ளது. தமது வட்டி ஏறிற்று என்பதற்காக ஒருவர் மாத்திரம் வாடகையை உயர்த்தினால், குடியிருப்போர் அடுத்த தெருவுக்குச் செல்வர் என்பர். தனியொருவரின் தவறான கணக்கைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆனால் வட்டியேற்றம் அடுத்த தெருவுக்கும் அதே நாளில் வந்து சேர்கின்றது. ஒரே ஏணியில் ஒரே வேளையில் ஏறியவர்கள் ஒரே வேளையில் இறங்க முனையும்போது, வாடகை வீடுகள் பல ஒருங்கே விற்பனைக்கு வருகின்றன. எஞ்சியவற்றுக்குப் போட்டி மிகுகின்றது. மேலும், வாடகை ஒரு காசும் உயராவிடினும், பழுது திருத்தப்படாமையும் வெளியேற்றமும் சந்தை விலையில் தோன்றாத துன்பங்கள். ஆகவே இத்தடை வினாவைக் குறைக்கின்றதேயன்றி அகற்றவில்லை.

மனிதர் எவரையும் வெறுங் கருவியாக மாத்திரம் கையாளலாகாது. அவரைத் தம்மளவில் நோக்கமுடையவராகவும் மதித்தல் வேண்டும் என்பது இமானுவேல் கான்ற் 1785 இல் வகுத்த அறநியதி. வாடகைக்காரரிடமிருந்து வாடகை பெறுதல் இந்நியதிக்கு முரணன்று. வீட்டைக் கொடுத்து வாடகை பெறுதல் இருவரும் அறிந்த பரிமாற்றமே. முரண் தோன்றுவது வேறிடத்தில். உடைமையாளர் ஐந்தாவது வீட்டை வாங்குவதற்காக முதலாவது வீட்டின் கடனை உயர்த்தும்போது, முதலாவது வீட்டிற் குடியிருப்பவரின் இருப்புறுதி குறைகின்றது. அவர் எதனையும் பெறவில்லை. அவரிடம் எவரும் கேட்கவில்லை. அவருக்கு எவரும் அறிவிக்கவுமில்லை. அவர் ஒப்பமிட்டது ஒரு வீட்டுக்கு. பணயத்தில் ஏறியதோ ஐந்து வீடுகளின் ஊழ். விரும்பியே ஒப்பமிட்டார் என்னும் வாதம் இங்கு தளர்கின்றது. அறியாத ஒன்றுக்கு உடன்பட்டவர் எனக் கருதப்படுதல் உடன்பாடாகாது.

ஆகவே பல ஈடுகளைச் சுமந்தவர் மேலும் ஓர் ஈட்டை ஏற்கலாமா என்னும் வினாவுக்கு ஆம், அன்று என ஒரு சொல்லால் விடை கூறல் இயலாது. அளவைக் கூறலாம். திருக்குறள் வலியறிதல் என்பதற்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. அரசர்க்குக் கூறப்பட்ட அவ்வறிவுரை கடன்பட்டு ஆதனம் சேர்ப்போர்க்கும் பொருந்தும். பிறர் வாழ்வைத் தம் முடிவுகளால் ஆள்பவர் எவரும் அவ்வளவில் அரசரே. வங்கி எவ்வளவு கொடுக்கும் என்பது வங்கியின் வலிமைக்கு அளவு. வட்டி இருமடங்காகி, ஒரு வீடு சில மாதம் வெறுமையாகக் கிடந்து, விலையும் வீழ்ந்த ஆண்டில், எந்த ஒரு வீட்டிலும் குடியிருப்போரை அசைக்காமல் தமது சொந்தச் சேமிப்பிலிருந்தும் உழைப்பிலிருந்தும் எவ்வளவு தாங்கலாம் என்பதே கடன்படுபவரின் வலிமைக்கு அளவு. இவ்விரு அளவுகளுக்கும் இடையிலுள்ள தூரமே அறவியலின் களம். வங்கி ஐந்தாவது வீட்டுக்குக் கடன் தர ஆயத்தமாக இருக்கும்போது, தமது அளவு மூன்றுடன் முடிகின்றது எனக் கண்டு நிற்பவர், சட்டம் கேளாத ஒன்றைத் தம்மிடமே கேட்டுக் கொண்டவராவார்.

இவ்வளவிலிருந்து மூன்று கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, வாடகையின் ஒரு பகுதியைச் சேமநிதியாக ஒதுக்காமல் அடுத்த வீட்டின் முற்பணமாக்கலாகாது. கூரை திருத்தும் பணம் படியேறும் பணமாகிவிடக் கூடாது. இரண்டாவது, வீடு ஈட்டிலுள்ளதா, வாடகைக்கு விட வங்கி சம்மதித்துள்ளதா என்பதைக் குடியிருக்க வருபவர் கேளாமலே அவருக்கு அறிவித்தல் வேண்டும். மூன்றாவது, இறங்க நேரின் முன்கூட்டியே இறங்குதல் வேண்டும். குடியிருப்போருடன் சேர்த்தே வீட்டை விற்கக் கூடுமாயின், விலை சிறிது குறைந்தாலும் அவ்வழியையே நாடுதல் தகும். அக்குறைவு, ஏறும்போது பெற்ற இலாபத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதேயாகும்.

தனிமனிதரின் அறம் மாத்திரம் போதாத இடத்தில் சட்டம் துணை நிற்றல் வேண்டும். அமெரிக்காவில் 2009 இல் இயற்றப்பட்டு, 2014 இறுதியில் காலாவதியாகி, 2018 இல் நிரந்தரமாக மீட்கப்பட்ட சட்டமொன்று, ஈட்டு வீடு கைப்பற்றப்படும்போது நேர்மையான குடியிருப்போருக்குக் குறைந்தது 90 நாள் அவகாசமும், பொதுவாக உடன்படிக்கைக் காலம் முடியும்வரை இருக்கும் உரிமையும் அளித்தது. இங்கிலாந்தில் 2025 ஒக்டோபரில் அரச அங்கீகாரம் பெற்ற வாடகைக்காரர் உரிமைச் சட்டம், காரணம் காட்டாது வெளியேற்றும் வழியை 2026 மே முதல் அகற்ற விதித்தது. ஆயினும் கடன் கொடுத்தவர் விற்கும் பொருட்டு வீட்டை மீட்கும் காரணத்தை அதுவும் விட்டு வைத்துள்ளது. ஆதனம், ஈடு, வீடு என்னும் மூன்றனுள் இறுதிச் சொல் இன்னும் ஈட்டுக்கே உரியதாக உள்ளது.

அச்சொல்லை மாற்றும் ஆற்றல் சட்டமன்றங்களுக்கு உண்டு. அதுவரை, புதிய ஈட்டுறுதியில் ஒப்பமிட எழுதுகோலை எடுப்பவரிடம் ஒரு சிறு பொறுப்பு எஞ்சுகின்றது. அம்மேசையிலே அவரும் வங்கி அலுவலரும் மாத்திரமே அமர்ந்திருப்பர். முன்னைய வீடுகளிலே அவ்வேளையில் விளக்கேற்றி இரவுணவுக்கு அமர்ந்திருப்போருக்கு அங்கு இருக்கையில்லை. அவர்களும் உடன் அமர்ந்திருந்தால் இக்கடனுக்கு உடன்படுவரா என ஒருமுறை எண்ணிப் பார்த்தபின் ஒப்பமிடுதலே அவர் ஆற்றத்தக்க அறமாகும்.